செண்பகவடிவின் பின்னால் வந்த பெஞ்சு

செண்பகவடிவு பத்தாம் வகுப்புப் பரீட்சையைத் தனித்தேர்வராக எழுத விண்ணப்பம் போட்டுவிட்டு வந்த மறுநாள் காலையில், இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் அவள் உட்கார்ந்து படித்த பெஞ்சு நடந்து வந்து அவள் வீட்டு வாசலில் நின்றது. ஐந்து பிள்ளைகள் நெருக்கி உட்காரக்கூடிய, எழுதுவதற்கு முன்னால் சாய்வுப் பலகை பொருத்திய பழைய தேக்குப் பெஞ்சு. அதன் கால்களில் செவல் மண் ஒரு சாண் உயரத்துக்கு அப்பியிருந்தது. செவல்சந்தைப் பள்ளிக்கூடத்திலிருந்து அவள் குடியிருந்த புளியோடைக்கு ரெண்டரை கிலோமீட்டர், பெஞ்சு ரோட்டைச் சுற்றி வராமல் உழுத காட்டுக்குள் குறுக்கே விழுந்து வந்திருக்க வேண்டும் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். வாசல் தெளிக்க வாளியோடு வந்த வடிவு அதைப் பார்த்தாள், இடது ஓரத்திலிருந்து இரண்டாவது இடத்தில் காம்பஸ் முனையால் கீறியிருந்த தன் பெயரின் முதல் எழுத்தைப் பார்த்தாள், வாளித் தண்ணீரில் பாதியை வாசலுக்குத் தெளித்து மீதியை அதன் கால்களில் ஊற்றிக் கழுவிவிட்டு, வேலைக்கு நேரமாகிறது என்று உள்ளே போனாள்.

அந்த இடத்திலிருந்து அவளைக் கூட்டிக்கொண்டு போனவர் அவளுடைய அப்பா. அரையாண்டுப் பரீட்சை முடிந்து பள்ளி திறந்த மூன்றாம் நாள், பருவக்காற்றுகளைப் பற்றிப் பாடம் நடந்துகொண்டிருந்தபோது வகுப்பு வாசலில் வந்து நின்று, பிள்ளையைப் பெண் பார்க்க ஆள் வந்திருக்கிறது என்று டீச்சரிடம் சொன்னார். போய்ட்டு வா என்று டீச்சர் சொன்னார். வடகிழக்குப் பருவக்காற்று எந்த மாதம் தொடங்குகிறது என்று பாதி வரி எழுதியிருந்தவள் பேனாவை மூடிக்கூட வைக்காமல் போனாள். தை பிறந்ததும் கல்யாணம், அடுத்த தையில் ஒரு மகள், அதற்கடுத்து கடை வேலை என்று இருபத்தெட்டு மழைக்காலம் போய்விட்டது.

வேலை பவளமாலை ஜவுளி மாளிகையில், இரண்டாம் மாடியில், பட்டுச் சேலைப் பிரிவில். பதினேழு வருஷமாக அங்கே நின்றாள். நின்றாள் என்றால் நிஜமாகவே நின்றாள்: காலை ஒன்பதரைக்குக் கடை திறந்ததிலிருந்து பூட்டுகிறவரை விற்பனைப் பெண்கள் உட்காரக்கூடாது என்பது கடையின் வழக்கம். கடைகளில் வேலை செய்கிறவர்களுக்கு இருக்கை தரவேண்டும் என்று அரசாங்கம் சட்டம் போட்ட பிறகு முதலாளி தனபாலன் அண்ணாச்சி ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் வாங்கினார், அது டிரையல் ரூமுக்குப் பின்னால் ஹேங்கர் பெட்டிகளைச் சுமந்துகொண்டு கிடந்தது, அதிகாரி யாராவது வந்தால் மட்டும் பெட்டிகளை இறக்கிவிட்டு வெளியே வந்து நின்று முகம் காட்டிவிட்டு உள்ளே போகும். வடிவு கண்ணை மூடிக்கொண்டு முந்தானையைத் தடவினாலே எந்த ஊர்த் தறி என்று சொல்லிவிடுவாள். கல்யாண வீட்டுக்காரர்கள் மாடியேறும்போதே வடிவு இருக்காளா என்று கேட்டுக்கொண்டுதான் ஏறுவார்கள். பழைய சூப்பர்வைசர் வேலையை விட்டுப் போனதும் அந்த வேலையைத் தனக்குத் தரும்படி அவள் கேட்டாள். பத்தாங்கிளாஸ்கூடத் தாண்டலையேம்மா நீ என்று அண்ணாச்சி சிரித்துக்கொண்டே சொன்னார், அவர் சிரித்ததால் சேலை பார்த்துக்கொண்டிருந்தவர்களும் சிரித்தார்கள். வடிவு கையில் இருந்த சேலையை மடித்து அலமாரியில் வைத்தாள். அந்த வாரமே ஒரு நாள் லீவு எடுத்து, பழைய பள்ளிக்கூடத்தில் மாற்றுச் சான்றிதழ் வாங்கி, தேர்வு சேவை மையத்தில் வரிசையில் நின்று, தன் மகளைவிட இளைய பிள்ளைகளுக்கு நடுவில் விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டு வந்தாள்.

இதைத்தான் பெஞ்சு எப்படியோ தெரிந்துகொண்டிருந்தது. எப்படி என்று புளியோடையில் யாரும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை, வந்ததை என்ன செய்வது என்பதுதான் அவர்களுக்குக் கேள்வி.

முதலில் அவள் புருஷன் ஆறுமுகநயினார் கேட்டார். கடலை மண்டியில் மூட்டை தூக்குகிறவர், நூறு கிலோ மூட்டையைப் பூக்கூடை மாதிரித் தோளில் ஏற்றுவார். இதை உடைத்தால் ஒரு மாசத்துக்கு விறகாகும் என்றார். பிறகு வாசலை அடைக்கிறது, அங்கிட்டுத் தூக்கிப் போடுவோம் என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்தார். பெஞ்சு அசையவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் மூன்று பேர் சேர்ந்து பிடித்தும் அசையவில்லை. ஆனால் வடிவு சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கியதும், கன்றுக்குப் பின்னால் போகிற பசு மாதிரி, டொக் டொக்கென்று அவள் பின்னாலேயே கிளம்பிப் போனது.

பஸ்ஸில் முதல் நாள் தகராறு வந்தது. டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, பெஞ்சுக்கு உண்டா இல்லையா என்று கண்டக்டருக்கு விளங்கவில்லை. சாமான் டிக்கெட் போடலாம் என்றால், யாரும் தூக்காமல் அதுவாகவே படியேறி வந்ததைச் சாமான் என்று எப்படிச் சொல்வது. பெஞ்சு ஆம்பளையா பொம்பளையா என்று அவர் கேட்டார், கேலியாகக் கேட்கவில்லை, மெஷினில் எதை அழுத்துவது என்று தெரியாமல் கேட்டார். பஸ் பத்து நிமிஷம் நின்றது. அது பெண்கள் வகுப்பில் இருந்த பெஞ்சு, அதனால் பொம்பளை என்று கடைசியில் பஸ்ஸே சேர்ந்து முடிவு செய்தது. அன்றிலிருந்து தினமும் இரண்டு கட்டணமில்லாச் சீட்டு. வயலுக்குப் போகிற பெண்கள் ஐந்து பேர் அதிலேயே உட்கார்ந்து வந்ததால் பஸ்ஸில் நெரிசலும் கொஞ்சம் குறைந்தது.

பிறகு பள்ளியிலிருந்து தலைமையாசிரியை வந்தார். அரசாங்கப் பொருள் இப்படித் தெருவில் திரியக்கூடாது, நாளைக்குத் தணிக்கை வந்தால் நான் என்ன சொல்வது என்று வருத்தப்பட்டார். வடிவு லீவு நாளில் பெஞ்சை நடத்திக்கொண்டு போய், பத்தாம் வகுப்பு ஆ பிரிவில் பழைய இடத்தில் நிறுத்திவிட்டு வந்தாள். காலையில் அது வாசலில் நின்றது. மறுபடி கொண்டுபோய் விட்டாள், மறுபடி வந்தது. மூன்றாவது தடவை தலைமையாசிரியை இருப்புப் பதிவேட்டை எடுத்து, அந்தப் பெஞ்சுக்கு நேராக, 'முன்னாள் மாணவியின் பயன்பாட்டில் உள்ளது' என்று பச்சை மையில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, இத்தோடு இது முடிந்தது என்று புத்தகத்தை மூடினார்.

பக்தியைச் சமாளிப்பதுதான் இதையெல்லாம்விடக் கஷ்டமாக இருந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை வடிவு குளித்துவிட்டு வருவதற்குள் தெருப் பெண்கள் பெஞ்சுக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, நாலு காலிலும் எலுமிச்சம்பழம் குத்தி, சரஸ்வதியே கால் முளைத்து வந்திருக்கிறாள் என்று குலவை போட்டுக்கொண்டிருந்தார்கள். கொட்டகை போட வேண்டும் என்று சிலர், உண்டியல் வைக்க வேண்டும் என்று சிலர். பக்கத்து ஊரிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்களும் வந்து இறங்கிவிட்டார்கள். வடிவு ஈரத் தலையோடு நின்று பார்த்தாள். பிறகு துணி சோப்பையும் தேங்காய் நாரையும் எடுத்துவந்து, அத்தனை பேர் கண் முன்னாலேயே பெஞ்சைத் தேய்த்துக் கழுவினாள். சாமி குத்தம் ஆகிவிடும் என்று ஒருத்தி பதறினாள்.

"இதச் சாமியாக்கிட்டா அப்புறம் நான் எங்க உக்கார?" என்றாள் வடிவு.

வேன் திரும்பிப் போனது. ஆனால் அன்று குலவை போட்ட பெண்களில் மூன்று பேர், சாயங்காலம் ஈரம் காய்ந்த பிறகு, சும்மா உட்கார்ந்து பார்க்கலாமா என்று கேட்டு உட்கார்ந்தார்கள். உட்கார்ந்தவர்கள் சாய்வுப் பலகையில் கையை வைத்துக்கொண்டு, தாங்கள் எந்த வகுப்பில், எந்த மாதத்தில், யார் வந்து கூப்பிட்டதால் படிப்பை விட்டோம் என்று ஒருத்திக்கொருத்தி சொல்லிக்கொண்டார்கள். ஒரே தெருவில் இருபது வருஷமாகத் தண்ணீர் பிடித்தவர்கள், அதுவரை அதைப் பேசிக்கொண்டதே இல்லை.

கடையில் பெஞ்சு படி படியாக இரண்டாம் மாடிக்கு ஏறியபோது வாட்ச்மேன் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். வாடிக்கையாளர்கள் விளம்பரம் என்று நினைத்துப் படம் எடுத்துக்கொண்டார்கள், கூட்டம் கூடியது, கூட்டம் கூடியதால் அண்ணாச்சிக்கும் மூன்று நாள் சந்தோஷம். அந்த மூன்று நாளும் வடிவு பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்றாளே தவிர உட்காரவில்லை. பதினேழு வருஷம் நின்ற கால்களுக்கு, உட்காரலாம் என்பதை நம்ப மூன்று நாள் ஆனது. நாலாம் நாள், கூட்டமில்லாத பதினோரு மணி வாக்கில், அவள் இரண்டாவது இடத்தில் உட்கார்ந்து சமூக அறிவியல் புத்தகத்தைத் திறந்தாள்.

அண்ணாச்சி கேமராவில் பார்த்துவிட்டு மேலே வந்தார். இது கடையா பள்ளிக்கூடமா என்று கேட்டார். வேலை நேரத்தில் உட்கார்ந்தால் மற்றவர்களுக்கும் அந்தப் பழக்கம் வரும் என்றார். வாடிக்கையாளர் வந்தால் எழுந்து சேலை எடுத்துக் காட்டுவதாகவும், காட்டி முடித்ததும் திரும்ப உட்கார்ந்துகொள்வதாகவும் வடிவு மரியாதையாகச் சொன்னாள். அப்படியே செய்யவும் செய்தாள். அந்த வாரம் மற்ற வாரங்களைவிட ஆறு சேலை அதிகம் விற்றாள், ஏனென்றால் சாயங்காலத்தில் அவளுக்குக் கால் வலிக்கவில்லை, கால் வலிக்காதவள் இன்னும் பத்துச் சேலை பிரித்துக் காட்டத் தயங்குவதில்லை. அண்ணாச்சிக்கு இது புரியாமல் இல்லை. புரிந்ததால்தான் கோபம் கூடியது. பெஞ்சைத் தூக்கித் தெருவில் போடச் சொல்லி மண்டியிலிருந்து ஆறு சுமைக்காரர்களை வரவழைத்தார். அவர்களில் ஒருவர் ஆறுமுகநயினார்.

எந்தக் கடைக்கு, எதைத் தூக்க என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. மாடியேறி வந்தவர் பெஞ்சைப் பார்த்தார், அதில் மடியில் கணக்கு நோட்டோடு உட்கார்ந்திருந்த தன் பெண்டாட்டியைப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் அவர் அந்தக் கடைக்குள் வந்ததில்லை, அவள் வேலை செய்கிற இடத்தைப் பார்த்ததில்லை. மாடி முழுக்கச் சுவரோரம் பெண்கள் வரிசையாக நின்றுகொண்டிருப்பதையும், அவர்களில் பலர் ஒரு காலை மாற்றி ஒரு கால் தூக்கி வைத்துக்கொள்வதையும், அவர்கள் கணுக்காலில் புடைத்திருந்த நீல நரம்புகளையும் பார்த்தார். பாரம் சுமக்கிறவருக்கு அது என்ன என்று தெரியும். தலைத்துண்டை அவிழ்த்தார். சாய்வுப் பலகையில் படிந்திருந்த தூசியை அதனால் ஒரு தடவை துடைத்தார்.

"இது எங்க வீட்டுப் பெஞ்சு, அண்ணாச்சி. இதத் தூக்க நாங்க வரல" என்று சொல்லிவிட்டு, மற்ற ஐந்து பேரையும் கூட்டிக்கொண்டு இறங்கிப் போனார். அன்று வீட்டில் அவர் உலை வைத்தார், அவள் நீள்வட்டப் பாதைகளைப் படித்தாள்.

மறுநாளிலிருந்து அந்த மாடியில் பெண்கள் முறை வைத்து உட்கார ஆரம்பித்தார்கள். மொத்தம் பன்னிரண்டு பேர், பெஞ்சில் ஐந்து இடம், வடிவின் இடம் வடிவுக்கு, மிச்சம் நாலு இடத்துக்கு மணிக்கு நாலு பேர். உட்கார்ந்த பிறகு எதிரில் சாய்வுப் பலகை இருக்கிறது, பலகையில் புத்தகம் இருக்கிறது, பார்க்காமல் எப்படி இருப்பது. பாத்திமுத்து என்று ஒருத்தி எட்டாம் வகுப்போடு நின்றவள், வடிவு சத்தமாகப் படிப்பதைக் கேட்டுக் கேட்டு அவளுக்கு முன்னால் மனப்பாடம் செய்துவிடுவாள். ரெஜினா என்கிற சின்னப் பெண் கணக்கில் பட்டம் வாங்கிவிட்டு, வேறு வேலை கிடைக்காமல் அங்கே சேலை மடித்துக்கொண்டிருந்தவள். வடிவுக்குக் கணக்குத்தான் கண்டம். தள்ளுபடி விலையை மனசுக்குள்ளேயே போட்டு நொடியில் சொல்லிவிடுவாள், ஆனால் அதையே எழுத்துகளும் அடைப்புக்குறிகளுமாகத் தாளில் பார்த்தால் கை நின்றுவிடும். ரெஜினா ரவிக்கைத் துணியை மூலைக்கு மூலை மடித்து முக்கோணம் காட்டினாள், முந்தானைக் கட்டங்களை எண்ணச் சொல்லி வரைபடம் போடச் சொல்லிக் கொடுத்தாள். வடிவக்கா, பயப்படாம போடுங்க, தப்பாப் போனா அடிச்சுட்டு மறுபடி போடுங்க என்பதையே தினமும் நூறு தடவை சொன்னாள். திருப்பூரில் இருந்த மகள் போனில், இந்த வயசில் ஏம்மா எங்களுக்கு இந்த அசிங்கம் என்று கேட்டபோது, போனைத் தோளில் இடுக்கிக்கொண்டே வடிவு ஒரு கணக்கைப் போட்டு முடித்து, விடை சரியாக வந்த பிறகு, அசிங்கமா இருந்தா போன வச்சிரு தாயி, எனக்கு இன்னும் நாலு கணக்கு இருக்கு என்றாள்.

பரீட்சை மையம் வேறொரு பள்ளியில் இருந்தது. அங்கே ஆளுக்கொரு தனி மேசை, வெளிப் பெஞ்சுக்கு அனுமதி இல்லை என்று கண்காணிப்பாளர் விதியைக் காட்டினார். சரி என்று வடிவு தனி மேசையில் உட்கார்ந்தாள். பெஞ்சு ஐந்து பரீட்சைக்கும் சித்திரை வெயிலில் ஜன்னலுக்கு வெளியே மைதானத்தில் நின்றது, மற்றவர்கள் பைகளை அதன்மேல் வைத்துவிட்டு உள்ளே வந்தார்கள். தமிழில் அவள் கேட்டு வாங்கி வாங்கிக் கூடுதல் தாள் எழுதினாள். கணக்கன்று பாதி நேரம் போன பிறகு ஒரு கேள்வியில் மாட்டிக்கொண்டாள், அதை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போக மனசு வராமல், மணி அடிக்கிற வரைக்கும் அதோடேயே மல்லுக்கு நின்றாள்.

வைகாசியில் முடிவு வந்தது. நாலு பாடத்தில் பாஸ், கணக்கில் இருபத்தொன்பது.

அவளுக்கு முன்னால் அண்ணாச்சி அதைத் தெரிந்துவைத்திருந்தார், கேஷியரை விட்டு அவள் நம்பரைப் போட்டுப் பார்க்கச் சொல்லியிருந்தார். அன்று காலை அவரே மாடிக்கு வந்து, முயற்சி பண்ணினாய், பாவம், அதற்குமேல் என்ன செய்ய முடியும், இனி இந்தக் கூத்தை முடித்துக்கொள்வோமா என்று எல்லோர் முன்னாலும் இதமாகக் கேட்டார். பாத்திமுத்து அழுதுவிட்டாள். ரெஜினா தலையைக் குனிந்துகொண்டாள். வடிவுக்கு அந்தக் கேள்வித்தாளின் அந்த ஒரு கேள்வி வரி வரியாகக் கண்ணுக்கு முன்னால் ஓடியது. வீட்டுக்குப் போய் யாரும் பார்க்காமல் அழுதுவிட்டு வரலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தாள். பெஞ்சு அவளுக்குப் பின்னால் அப்படியே நின்றது. அவள் உட்கார்ந்தாள்.

"ஆடியில துணைத்தேர்வு இருக்கு, அண்ணாச்சி. நாலு பாடம் பாஸ் பண்ணிருக்கேன், அதச் சொல்ல மறந்துட்டீக" என்றாள்.

ஊர் அவளுடைய தோல்வியையும் பெஞ்சை எடுத்துக்கொண்ட மாதிரியே எடுத்துக்கொண்டது. கண்டக்டர் சீட்டைக் கிழித்துக் கொடுக்கும்போது, எனக்கும் கணக்குத்தான்க்கா ரெண்டு தடவை போச்சு என்று மெல்லச் சொன்னார். தலைமையாசிரியை பழைய கணக்கு வினாத்தாள்களை ஒரு கட்டாகக் கட்டி அனுப்பிவைத்தார். பெயர் தெரியாத பெண்கள் பஸ்ஸில் அவளருகே வந்து உட்கார்ந்து, எத்தனை மார்க் குறைஞ்சது, ஆறா, ஆறுதானே, எழுதிரலாம் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்கள். ஆறுமுகநயினார் காலையில் பல் விளக்கிக்கொண்டே பெஞ்சில் ஓரமாக உட்கார்ந்து, வாய்பாட்டைத் தாறுமாறாகக் கேட்பார், விடை சரியா தப்பா என்று அவருக்குத் தெரியாது, ஆனால் அவள் யோசிக்கிற நேரத்தை வைத்து, இது தப்பு ஏளா, திரும்பச் சொல்லு என்பார், அவர் சொல்வது பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

ஆடி மாதம் அவள் மறுபடி போய் எழுதினாள். இந்தத் தடவையும் ஒரு கேள்வி மாட்டிக்கொண்டு நின்றது. வடிவு அதை ஒரு தடவை உற்றுப் பார்த்தாள், நீ இங்கேயே இரு என்று மனசுக்குள் சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினாள். முப்பத்தெட்டு வந்தது.

மதிப்பெண் சான்றிதழ் கையில் வந்த அன்று, வேலை முடிந்துவிட்டதால் பெஞ்சு தானாகப் பள்ளிக்குத் திரும்பிப் போய்விடும் என்று ஊரே எதிர்பார்த்தது. பள்ளி வாட்ச்மேன் கேட்டைத் திறந்துவைத்துக்கூடக் காத்திருந்தார். பெஞ்சு எங்கும் போகவில்லை, வழக்கம்போல அவள் பின்னால் பஸ் ஏறி, வழக்கம்போல மாடியேறி, பட்டுச் சேலைப் பிரிவில் தன் இடத்தில் நின்றது. அண்ணாச்சி மாலையோடு வந்திருந்தார். கடைப் பெண்கள் பன்னிரண்டு பேரையும் கூப்பிட்டு நிறுத்தி, நம் கடைக்கே பெருமை என்று பேசி, நாளையிலிருந்து செண்பகவடிவுதான் இந்த மாடிக்குச் சூப்பர்வைசர் என்று அறிவித்தார். கை தட்டினார்கள். தட்டி முடிந்ததும், ஒரே ஒரு விஷயம் என்று குரலைத் தணித்துக்கொண்டார். படிப்பு முடிந்ததல்லவா, இனி பெஞ்சு எதற்கு, நீ சொன்னால் அது கேட்கும், போகச் சொல்லிவிடு என்றார். வடிவு மற்ற பெண்களைப் பார்த்தாள். எல்லோரும் அவளைவிட்டுப் பார்வையை எடுத்துத் தரையைப் பார்த்தார்கள். அவள் பதினேழு வருஷம் நின்று கேட்ட வேலை, அதை விடச் சொல்ல யாருக்கும் மனசு வராது என்பது அவளுக்குத் தெரிந்தது.

அவள் போய் இரண்டாவது இடத்தில் உட்கார்ந்தாள்.

"நான் சொன்னா அது போகாது, அண்ணாச்சி. நான் எந்திரிச்சாத்தான் போகும்."

"அப்ப எந்திரி."

"நான் எந்திரிக்கிறதா இல்ல" என்றாள் வடிவு. "பத்தாங்கிளாஸ் பாஸானவ சொல்லுதேன். சூப்பர்வைசர் வேலையத் தாங்க, தராம இருங்க. இங்க நிக்க மாட்டோம்."

மாட்டோம் என்று அவள் சொன்னதைக் கேட்டு முதலில் பாத்திமுத்து வந்து அவளுக்கு இடது பக்கம் உட்கார்ந்தாள். பிறகு ரெஜினா, அவளை அடுத்து இன்னொருத்தி. பெஞ்சில் ஓர் இடம் மட்டும் மிச்சம் இருந்தபோது, அடுத்து வந்த பெண் அதை விட்டுவிட்டு வாடிக்கையாளர் ஸ்டூலில் போய் உட்கார்ந்தாள், இன்னொருத்தி சேலை விரிக்கிற வெள்ளை மெத்தையில், ஐந்து பேர் மாடிப்படியில். டிரையல் ரூமுக்குப் பின்னால் போன ஒருத்தி ஹேங்கர் பெட்டிகளை ஒவ்வொன்றாக இறக்கிவைத்துவிட்டு, அந்தப் பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்து வந்து நடுக்கூடத்தில் போட்டு உட்கார்ந்தாள்.

மறுமாதம் வடிவு சூப்பர்வைசர் ஆனதும், அந்த வருஷ முடிவுக்குள் மூன்று மாடியிலும் ஆளுக்கொரு இருக்கை வந்ததும், அடுத்த விண்ணப்பத்தில் பாத்திமுத்துவும் புளியோடைப் பெண்கள் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டதும், வடிவு பதினோராம் வகுப்புப் புத்தகங்களை வாங்கி அட்டை போட்டதும் பிறகு நடந்தவை. அன்றைக்கு அந்தக் கூடத்தில், கையில் இன்னும் போடாத மாலையோடு, நின்றுகொண்டிருந்தவர் தனபாலன் அண்ணாச்சி ஒருவர்தான். ரொம்ப நேரம் நின்றார். அவருக்கும் வயது அறுபதுக்கு மேல், நிற்கிற பழக்கம் இல்லாதவர், கொஞ்ச நேரத்தில் ஒரு காலை மாற்றி ஒரு கால் வைத்துக்கொள்ள ஆரம்பித்தார். வடிவு அதைக் கவனித்தாள். பாத்திமுத்துவைத் தோளால் லேசாக இடித்து, பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"வாங்க, அண்ணாச்சி" என்றாள். "இடம் இருக்கு."